ராத்திரி யார் பக்கத்தில் யார்: ஒரு பீடிக் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்புக்கு வந்த குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அதனால் இதில் பெயர் எதுவும் இல்லை. வயதிலும் விவரத்திலும் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன். முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவே ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். இவர்களில் யார் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இதை எழுதச் சொன்னவர் என் பேராசிரியை. குடும்பம், குழந்தை நலம் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தாமிரபரணிச் சீமையிலேயே ஆய்வு செய்து, பாடம் நடத்தி, ஓய்வுபெற்று, இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறார். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் 'மேடம்'தான். "நம்ம பிள்ளைகள் எழுதுற கேஸ் ஸ்டடி எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்துல சோஷியல் வொர்க்கர் ஜெயிச்சிருதான். நீ தப்புப் பண்ணுன ஒண்ண எழுதேன்" என்றார். எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அழைப்பு

2018 ஏப்ரலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு ஆசிரியை பேசினார். (இந்த எண் 1996-இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணி முயற்சியாகத் தொடங்கியது.) எட்டாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை, வீட்டில் பீடி சுற்றுகிறாள் என்பது தகவல். நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டு வீடு. ஒரு பட்டாசல், பின்னால் ஓர் அடுக்களை, அவ்வளவுதான். ஆச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். மூன்று பிள்ளைகள்: பதின்மூன்று வயதில் மூத்தவள், ஒன்பதில் பையன், நாலு வயதில் கடைக்குட்டி. ஆச்சியின் ஒரே மகள்தான் இவர்களின் அம்மா. முந்தைய தீபாவளிக்குப் பிறகு காசநோயில் இறந்துவிட்டாள். அப்பா கேரளாவில் கட்டட வேலை. பணம் வந்தால் வரும்.

நான் போனபோது மூத்தவள் தலைகுனிந்து இலையைச் சுருட்டித் தூள் நிரப்பிக்கொண்டிருந்தாள். விரல் அத்தனை வேகம். கடைக்குட்டி அவள் முதுகில் சாய்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தது. ஆச்சி எழுந்து, "வாங்கய்யா, உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டாள்.

பீடித் தொழில் 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலேயே பதினான்கு வயதுக்குக் கீழே தடைசெய்யப்பட்ட தொழில். 2016 திருத்தத்தில் குடும்பத் தொழிலுக்குக் கொடுத்த விலக்கும் இப்படிப்பட்ட ஆபத்தான வேலைகளுக்குக் கிடையாது. ஆக, சட்டப்படி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று உத்தரவு போடும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அவர்களைக் கொண்டுபோனோம். சமூக விசாரணை அறிக்கைக்குப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. நான் ஒன்பதே நாளில் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பெருமை வேறு.

நான் எழுதிய அறிக்கை

அந்த அறிக்கையின் நகல் இப்போதும் என்னிடம் இருக்கிறது. தட்டச்சு சுத்தம், படிவத்தில் ஒரு கட்டம்கூட காலியில்லை. 'தந்தை: பொறுப்பற்றவர். பாட்டி: முதுமை, போதிய வருமானமின்மை, குழந்தையின் உழைப்பைப் பயன்படுத்துகிறார். வீடு: ஒரே அறை, தனிமைக்கு வசதியில்லை.' குடும்ப வரைபடம் வேறு போட்டிருந்தேன்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்த அம்மாவின் வட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. பரிந்துரை: பெண்பிள்ளைகள் இருவரும் ஒரு பெண்கள் இல்லத்துக்கு, பையன் ஓர் ஆண்கள் இல்லத்துக்கு.

அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். எழுதும்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, 'இங்கே பொருந்தாது' என்று நினைத்தேன். குழுவின் முன்னால் இருந்தது என் அறிக்கை ஒன்றுதான். அதை நம்பி உத்தரவு போட்டார்கள்.

பிள்ளைகளை வண்டியில் ஏற்றியபோது ஆச்சி அழவில்லை. "எப்பம்யா கொண்டு வருவிய?" என்று மட்டும் கேட்டாள். நானும் 'பாசம் குறைவு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்த இரண்டு சொல்லை இன்றைக்கும் படிக்கக் கூசுகிறது.

மூன்று மாதத்தில் இல்லத்திலிருந்து போன். கடைக்குட்டி ராத்திரி தூங்குவதில்லை, மறுபடி படுக்கையை நனைக்கிறாள். மூத்தவள் சாப்பாட்டைத் திருடுகிறாள். பெட்டிக்கு அடியில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் ஒளித்து வைத்திருக்கிறாள், பழம் அழுகி எறும்பு மொய்த்துவிட்டது. இல்லத்தில் நல்லவர்கள்தான் இருந்தார்கள், சாப்பாட்டுக்கும் குறைவில்லை. பிறகு ஏன் ஒளிக்கிறாள் என்று அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன்.

மேடமும் அவருடைய கேள்வியும்

இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகளில் சென்னையில் சமூகப் பணி முதுகலை படித்தவர். இந்தியாவில் இந்தப் படிப்பே 1936-இல் கிளிஃபோர்டு மான்ஷார்ட் பம்பாயில் தொடங்கிய பள்ளியில்தான் ஆரம்பித்தது. சென்னைக்கு 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் கொண்டுவந்தார். பாடப்புத்தகம் முழுக்க அமெரிக்கா. 1917-இல் மேரி ரிச்மண்ட் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்'தான் ஆதிநூல். மேடம் அதைப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அந்தக் கேள்வித்தாளோடு வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று தெருத்தெருவாக இறங்கினார். முதல் கேள்வி 'குடும்பத் தலைவர் யார்?' எல்லா வீட்டிலும் ஓர் ஆணின் பெயரைச் சொன்னார்கள். அந்த ஆண் பம்பாயில் இருந்தார், இல்லை துபாயில் இருந்தார், இல்லை எங்கே என்றே தெரியவில்லை. வீட்டில் நடப்பதற்கும் கட்டத்தில் நிரப்புவதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒருநாள் சலித்துப்போய்க் கேள்வித்தாளை மடக்கி வைத்துவிட்டு, "ராத்திரி யார் பக்கத்துல யாருக்கா படுப்பா?" என்று ஒரு தாயிடம் கேட்டாராம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தரையில் கையால் இடம் காட்டிக் காட்டிச் சொன்னாளாம்: இங்கே மாமியார், இங்கே காய்ச்சல்காரப் பிள்ளை, இங்கே நான், வாசல் பக்கம் பெரியவன். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள், யாருக்கு யாரைக் கண்டால் பயம், யார் காவல் என்று எல்லாமே அதில் வந்துவிட்டது. அதற்கப்புறம் மேடம் போன ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வி உண்டு. ஒரே வீட்டுக்கு ஐந்து, பத்து வருஷம் கழித்துப் போய் மறுபடி கேட்பார். படுக்கும் வரிசை மாறியிருந்தால் ஏன் என்று கேட்பார். அவருடைய ஆய்வுமுறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இதைச் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு.

பாளையங்கோட்டையைச் சுற்றி இத்தனை இல்லங்கள், விடுதிகள் ஏன் என்றும் அவர் வகுப்பில் சொல்வார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளை யாராவது எடுத்து வளர்க்க வேண்டியிருந்தது. 1901-இல் டோனாவூருக்கு வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், கோயிலுக்கு விடப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கு வீடு கொடுத்தார். அந்தத் தேவை நிஜம், அதைக் குறைத்துப் பேச மாட்டார். "ஆனா இப்பம் இல்லத்துல இருக்கிற பிள்ளைல பாதிக்கு மேல அம்மாவோ ஆச்சியோ உசுரோட இருக்காவ. அதையும் சேத்துப் படி" என்பார். ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வைக் கரும்பலகையில் போடுவார்: இல்லங்களில் இருந்த 136 குழந்தைகள், குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு, மீதிப் பேர் இருந்த இடத்திலேயே, குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி தெளிவாக முந்தியது. போட்டுவிட்டுச் சொல்வார்: "அங்க வளர்ப்புக் குடும்பத்தத் தேடிப் பிடிச்சாவ. நமக்கு ஆச்சி சும்மா கெடக்கா."

என் அறிக்கையைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். காபி ஆறிப்போயிற்று. "எல்லாம் சரி. ராத்திரி யார் பக்கத்துல யார் படுத்தா?"

எனக்குத் தெரியவில்லை.

"ஆச்சியோட பாஸ் புக்கப் பாத்தியா?"

அதையும் பார்க்கவில்லை.

"ஏலே, அப்பம் இது அறிக்கையா?" என்றார். ஒரு பேராசிரியை 'ஏலே' போட்டுப் பேசுகிறார் என்றால் ஒன்று ரொம்பப் பிரியம், இல்லை ரொம்பக் கோபம். அன்றைக்கு இரண்டாவது.

பாஸ் புத்தகம்

மறுநாளே போனேன். வீடு பூட்டியிருந்தது. ஆச்சி பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்தாள். பிள்ளைகள் போன பிறகு அவள் அந்த வீட்டில் ராத்திரி படுப்பதில்லையாம்.

கேள்வியைக் கேட்டேன். ஆச்சியும் சிரித்தாள், மேடம் சொன்ன அந்தத் தாயைப் போலவே. பூட்டைத் திறந்து உள்ளே கூட்டிப்போய்த் தரையில் காட்டினாள். சுவரோரம் ஆச்சி. அடுத்து பையன், அவள் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு. அடுத்து கடைக்குட்டி. வாசல் பக்கம் மூத்தவள். "அவ அம்மை படுத்த எடம்யா அது. செத்த அன்னைக்கு ராத்திரியே பாய அங்க போட்டுட்டா. நான் சொல்லவே இல்ல." கடைக்குட்டி நடுராத்திரியில் விழித்தால் அக்காவின் பக்கம் உருளும். பையன் எழுந்து பசிக்கிறது என்பான். மூத்தவள் தலைமாட்டில் ஒரு டப்பாவில் ஏதாவது வைத்திருப்பாள், பொரிகடலையோ பழமோ.

பெட்டிக்கு அடியில் அழுகிய வாழைப்பழம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் தம்பிக்கு எடுத்து வைத்திருக்கிறாள். தம்பி வேறு இல்லத்தில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்புறம் பாஸ் புத்தகம். பீடிக் கடையில் இலையும் தூளும் எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை பீடி சுற்றிப் போட்டார்கள் என்று வாரவாரம் எழுதிய புத்தகம். ஆச்சியின் பெயரில் ஒன்றுதான். ஆனால் அதில் மூன்று பேரின் விரல் இருந்தது. மகளும் ஆச்சியின் பெயரிலேயே சுற்றிப் போட்டிருக்கிறாள். இங்கே இது சாதாரணம்: ஒரு வீட்டில் மூன்று பேர் சுற்றுவார்கள், கணக்கு ஒருவருக்கு. பி.எஃப். அந்த ஒருவருக்கு மட்டும், தொழிலாளர் அடையாள அட்டையும் அந்த ஒருவருக்கு மட்டும். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. மகள் அங்கே போகவில்லை. தனக்கு அட்டை இல்லை, தான் பீடித் தொழிலாளியே இல்லை என்று நினைத்திருக்கிறாள்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 2017 ஆவணி வரை வாரக் கணக்கு ஒரே சீராக ஓடுகிறது. பிறகு இறங்குகிறது, ஐப்பசியில் பாதிக்கும் கீழே. இரண்டு வாரம் வெற்று. தை மாதம் மறுபடி ஏறத் தொடங்குகிறது. மூத்தவள் பள்ளிக்கூடத்தை விட்ட வாரத்தை அந்தப் புத்தகத்திலிருந்தே சொல்லிவிடலாம். முதலில் தள்ளுபடி நிறைய; நுனி சரியாக மடங்காத பீடியைக் கடையில் கழித்துவிடுவார்கள். மாசிக்கு மேல் தள்ளுபடியே இல்லை. கைவந்துவிட்டது.

எதற்காகச் சுற்றினாள்? சாப்பாட்டுக்கு என்று எழுதியிருந்தேன். ரேஷன் அரிசி இருந்தது, பள்ளிக்கூடத்தில் சத்துணவு இருந்தது. சாப்பாட்டை எப்படியோ ஓட்டியிருப்பார்கள். காசநோய்க்கு அரசு மருந்து இலவசம்தான். ஆனால் அது காசநோய் என்று தெரிவதற்கு முன் மாதக்கணக்காக இருமலுக்குத் தனியாரிடம் அலைந்திருக்கிறார்கள். ஸ்கேன், ஊசி, படுக்கை. அதற்கு வாங்கிய கடன் இரண்டு: ஒன்று வாரத் தவணைக் குழுக் கடன், இன்னொன்று கைமாற்று. 'கைமாற்று' என்றுதான் ஆச்சி சொன்னாள். 2017 அக்டோபரில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்த பிறகு நெல்லையில் அந்தச் சொல்லை யாரும் லேசில் வாயில் எடுப்பதில்லை. நானும் அழுத்திக் கேட்கவில்லை.

'குழந்தையின் உழைப்பைப் பயன்படுத்துகிறார்' என்று நான் எழுதியது பொய்யில்லை. அதற்கு முன்னால் இருந்த எதுவும் அதில் இல்லை.

கணக்கு

இரண்டாவது அறிக்கை எழுத எனக்கு ஏழு வாரம் ஆனது. சட்டத்தின் 45-ஆம் பிரிவில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு: குழந்தையை இல்லத்தில் வைப்பதற்குப் பதில் குடும்பத்திலேயே வளர்க்க உதவித்தொகை. அப்போது மாதம் ஒரு குழந்தைக்கு 2,000 ரூபாய். கிராமத்துக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 24,000-க்கு மேல் போகக் கூடாது. அதாவது மாதம் 2,000.

ஆச்சியின் பாஸ் புத்தகத்தைக் கூட்டினால் அந்த வரம்பைத் தாண்டுகிறது. தாண்ட வைத்தது யார்? பேத்தி. அவள் சுற்றுவதை நிறுத்தினால்தான் உதவித்தொகைக்குத் தகுதி. உதவித்தொகை வந்தால்தான் அவள் நிறுத்த முடியும். இந்த இடத்தில் நான் ஒரு வாரம் நின்றேன். மேடம்தான் போனில் அவிழ்த்தார்: "சட்டம் தடை செஞ்ச வேலைல வந்த காசு எப்படிப்பா குடும்ப வருமானம் ஆகும்? ஆச்சி சுத்துனத மட்டும் பிரிச்சு எழுது." பிரித்தேன். மகள் நோய்வாய்ப்படுவதற்கு முன்னும் பின்னும் வந்த எண்ணிக்கையை வைத்து ஆச்சியின் பங்கை மதிப்பிட்டு, விளக்கம் எழுதி, புத்தகத்தின் நகலை இணைத்தேன். குழு ஏற்றுக்கொண்டது. தங்கள் முன்னால் ஒரு பீடிப் பாஸ் புத்தகம் ஆவணமாக வருவது இதுதான் முதல் தடவை என்று ஒரு உறுப்பினர் சொன்னார்.

2019 தொடக்கத்தில் பெண்பிள்ளைகள் இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். மகளின் கடனில் குழுக் கடனுக்குத் தவணையை நீட்டித்து வாங்கினோம். மூத்தவள் அதே ஆசிரியையின் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ந்தாள். உதவித்தொகை உடனே வரவில்லை. எங்கே, ஏன் நின்றது என்பதை இங்கே விடுகிறேன்.

பையனை அப்போது கொண்டுவரவில்லை. இது என் இரண்டாவது தப்பு. அவன் இல்லத்தில் நன்றாக இருக்கிறான், கபடி ஆடுகிறான், மதிப்பெண் கூடியிருக்கிறது என்று தகவல் வந்தது. ஆச்சியும் "ரெண்டு பேர மொதல்ல பாத்துக்கிடுதேன்" என்றாள். கல்வியாண்டு முடியட்டும் என்று தள்ளினேன். முடிந்தது, அடுத்த ஆண்டு என்று மறுபடி தள்ளினேன். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம் தாலுகா அங்கே போனது. வீடு ஒரு மாவட்டத்தில், பையன் இன்னொரு மாவட்டத்தில், கோப்பு எந்தப் பக்கம் என்று விளங்கவே சில மாதம் ஆயிற்று.

கடைசியில் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தது எந்த அறிக்கையும் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஏப்ரல் 3-இல் உச்ச நீதிமன்றம் இல்லங்களில் உள்ள பிள்ளைகளைப் பற்றித் தானாக முன்வந்து உத்தரவு போட்டது. நாடு முழுக்க இல்லங்கள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின. அவனும் ஒரு வேனில், முகக்கவசத்தோடு, ஒரு மூட்டைத் துணியோடு வந்து இறங்கினான். இரண்டு வருஷம். போகும்போது ஒன்பது வயது, வரும்போது பதினொன்று.

மறுபடி போனது

மேடத்தின் பழக்கம் தொற்றிக்கொண்டது. 2024 பொங்கல் கழிந்து அந்த வீட்டுக்குப் போனேன். கோப்பு மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. யாரும் போகச் சொல்லவில்லை.

ஆச்சிக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். பீடி குறைந்துவிட்டது. மூத்தவளின் பத்தாம் வகுப்பு கொரோனா வருஷத்தில் தேர்வில்லாமல் தேர்ச்சியாயிற்று. பிளஸ் டூவைத் தேர்வெழுதியே தாண்டினாள். இப்போது கல்லூரி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுகிறது. சாயங்காலம் வந்து பீடி சுற்றுகிறாள். பதினெட்டு முடிந்துவிட்டது, நான் சொல்ல ஒன்றுமில்லை. பாஸ் புத்தகம் இப்போது அவள் பெயரில் தனியாக ஒன்று. அதை நான் கேட்காமலே எடுத்துவந்து காட்டினாள். குழந்தைகள் நலத்துக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யா வந்தபிறகு நிதி ஆதரவு 4,000 ஆகிவிட்டது, கிராமத்து வருமான வரம்பும் 72,000 ஆகிவிட்டது. கடைக்குட்டிக்கு அது வருகிறது.

காபி குடித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஆச்சி பழையபடியே தரையில் காட்டினாள். சுவரோரம் அவள். பக்கத்தில் கடைக்குட்டி. வாசல் பக்கம் மூத்தவள், அதே இடம்.

"பையன்?"

ஆச்சி வெளியே வேப்பமரத்தடியைக் காட்டினாள். ஒரு நார்க்கட்டில் கிடந்தது, சுருட்டிய போர்வையோடு.

"வந்த நாளையிலிருந்து உள்ள படுக்கவே மாட்டேங்கான். மழ பேஞ்சா கட்டில இழுத்துத் திண்ணையில போட்டுக்கிடுவான். கேட்டா, பழகிட்டுங்கான்."

மேடத்திடம் போனில் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அவன் தலைமாட்டில் ஏதாவது டப்பா வைத்திருந்தானா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.